2006 மாருதி 800 புகைப் பரிசோதனையில் ஃபெயில்: இன்ஜினை இறக்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் ஒருவர், அப்பா 2006-ல் வாங்கிய மாருதி 800-ஐ (பெட்ரோல், எம்பிஎஃப்ஐ மாடல், அதாவது கார்புரேட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் சொல்லி இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும் வகை) புகை சர்டிபிகேட் எடுக்கக் கொண்டுபோயிருக்கிறார். கார்பன் மோனாக்சைடு 2.1 சதவீதம், ஹைட்ரோகார்பன் 480 பிபிஎம் என்று காட்டி, ஃபெயில் என்று சீட்டு கொடுத்திருக்கிறார்கள். ஒரு மெக்கானிக் இன்ஜினை இறக்கி வேலை பார்க்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் கேட்டலிட்டிக் கன்வெர்டரை (சைலன்சர் பாதையில் புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) மாற்றச் சொல்கிறார். மூன்றாவது ஒருவர், வண்டியைக் கொண்டுவரவே வேண்டாம், பணம் கொடுத்தால் சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன் என்கிறார். இதில் எதைக் கேட்பது என்பது கேள்வி. ஆனால் அதற்கு அடியில் நீங்கள் கேட்பது, இந்த வண்டியின் ஆயுள் முடிந்துவிட்டதா என்பதுதான் என்று நினைக்கிறேன். அந்த எண்களை வைத்துப் பார்த்தால் முடியவில்லை. இன்ஜின் போய்விட்டது என்று சொல்லும் எண்கள் அல்ல அவை.

நான் ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படித்து, பாண்டிச்சேரியிலும் கடலூரிலும் பட்டறைகளில் பல வருடம் பெட்ரோல் கார் வேலை பார்த்தவன், புகை மிஷினும் இயக்கியிருக்கிறேன். வண்டியைத் தொட்டுப் பார்க்காமல் இதுதான் பழுது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, நானும் சொல்லப்போவதில்லை. எந்த வரிசையில் தேட வேண்டும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

முதலில் உங்கள் வண்டிக்கு எந்த அளவு என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பட்டறையில் பேசும்போது எல்லா வண்டிக்கும் ஒரே அளவு மாதிரிதான் பேசுவார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 115-வது விதிதான் இதற்கு. பிஎஸ் 2, பிஎஸ் 3 (பாரத் ஸ்டேஜ், அரசு வைத்த புகை வரம்பு) காலத்துப் பெட்ரோல் காருக்கு ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 750 பிபிஎம் வரை போகலாம். உங்களுடையது இதில்தான் வரும். அதற்கும் முந்தைய கார்களுக்கு 3 சதவீதம், 1500 பிபிஎம். பிஎஸ் 4 காருக்கு 0.3 சதவீதமும் 200 பிபிஎம்மும்தான், அதோடு 2500 ஆர்பிஎம்மில் இன்னொரு சோதனையும் லாம்டா (காற்று, பெட்ரோல் விகிதம்) அளவும் உண்டு. பிஎஸ் 4-க்கு முந்தைய வண்டிகளுக்குச் சர்டிபிகேட் ஆறு மாதம்தான் செல்லும், பிஎஸ் 4, பிஎஸ் 6 வண்டிகளுக்கு ஒரு வருடம். ஆக நீங்கள் வருடத்துக்கு இரண்டு முறை இந்தச் சோதனையைச் சந்திக்கத்தான் வேண்டும். எப்படியாவது இந்த ஒரு முறை தாண்டிவிட்டால் போதும் என்று யோசிப்பதில் பலன் இல்லை என்பதற்கு அதுவே போதுமான காரணம்.

இப்போது அந்த இரண்டு எண்களைச் சேர்த்துப் பாருங்கள். கார்பன் மோனாக்சைடு என்பது பெட்ரோல் பாதி எரிந்ததால் வருவது. காற்று போதாத விறகடுப்பு புகைவது போல, பெட்ரோல் அதிகமாகவோ காற்று குறைவாகவோ இருந்தால் இது ஏறும். ஹைட்ரோகார்பன் என்பது எரியாமலே வெளியே வந்த பெட்ரோல். பிளக் சரியாக நெருப்பு கொடுக்காவிட்டாலோ, வால்வு சரியாக மூடாவிட்டாலோ, ஆயில் மேலே ஏறினாலோ இது ஏறும். உங்கள் வண்டியில் முதலாவது அளவைவிட நாலு மடங்குக்கு மேல் இருக்கிறது, இரண்டாவது அளவுக்குள்ளேயே இருக்கிறது. அதாவது மூன்று சிலிண்டரும் எரிகின்றன, ஆனால் பெட்ரோல் அதிகமாக ஊற்றுகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்து, வால்வு எரிந்து போன வண்டியாக இருந்தால் பெரும்பாலும் ஹைட்ரோகார்பன்தான் முதலில் ஏறும், கூடவே சைலன்சரில் நீலப் புகையும் ஆயில் குறைவதும் தெரியும். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை. சந்தேகம் இருந்தால் கம்ப்ரஷன் கேஜ் வைத்து மூன்று சிலிண்டரையும் பார்க்கச் சொல்லுங்கள், அரை மணி நேர வேலைதான். மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவில், நல்ல அழுத்தம் காட்டினால் இன்ஜினை இறக்கும் பேச்சை அதோடு விட்டுவிடலாம்.

பெட்ரோல் ஏன் அதிகமாக ஊற்றுகிறது? எம்பிஎஃப்ஐ வண்டியில் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று முடிவு செய்வது கம்ப்யூட்டர். அதற்குத் தவறான தகவல் போனால் தவறான அளவு ஊற்றும். நம் பக்கத்துப் பழைய கார்களில் நான் முதலில் பார்ப்பது தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்பதைத்தான். ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரை இன்ஜின் சூடாகும்வரை தடுத்து வைக்கும் சின்ன வால்வு அது, 80 டிகிரியைத் தாண்டித்தான் திறக்கும். ஒரு தடவை வண்டி ஓவர்ஹீட் ஆனால் போதும், நம்ம ஊர் வெயிலுக்கு இது எதற்கு என்று சொல்லிக் கழற்றிப் போட்டுவிடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. கழற்றிய பிறகு வண்டி நன்றாக ஓடுவது மாதிரிதான் தெரியும். ஆனால் இன்ஜின் தனக்கு வேண்டிய சூட்டுக்கு வரவே வராது. கம்ப்யூட்டரோ இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கொடுக்கிற மாதிரி கூடுதல் பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மைலேஜ் குறையும், பிளக் கறுக்கும், ஆயிலில் பெட்ரோல் கலக்கும், கார்பன் மோனாக்சைடு ஏறும். இதைக் கண்டுபிடிக்க மிஷின் எதுவும் வேண்டாம். காலையில் குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு ரேடியேட்டரின் மேல் ஹோஸில் கை வையுங்கள் (ஃபேன் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்). சில நிமிடம் குளிராகவே இருந்து பிறகு சட்டென்று சூடானால் தெர்மோஸ்டாட் இருக்கிறது, வேலை செய்கிறது. ஸ்டார்ட் செய்ததிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பானால் அது இல்லை, அல்லது திறந்தபடியே நிற்கிறது. டேஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் எவ்வளவு ஓட்டினாலும் அடியிலேயே கிடந்தால் அதுவும் அடையாளம். புது தெர்மோஸ்டாட் விலை மலிவானதுதான். மாட்டும்போது கூலன்ட்டும் மாற்றிவிடுங்கள், போர் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

தெர்மோஸ்டாட் சரியாக இருந்தால் அடுத்து கூலன்ட் சென்சார். இன்ஜின் சூட்டைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது இதுதான், முள்ளுக்குச் சொல்லும் சென்சார் வேறு. ஆகவே முள் சரியாகக் காட்டுகிறது என்பதை வைத்து இதையும் சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மல்டிமீட்டரில் ஓம் பார்த்தால் போதும்: இந்த வகை சென்சாரில் 20 டிகிரியில் சுமார் 2.5 கிலோ ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் இருக்கும். சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் இறங்க வேண்டும். இறங்காமல் நின்றால் சென்சார் போய்விட்டது. அதைவிட அடிக்கடி பார்ப்பது அதன் சாக்கெட்டில் பச்சை பூத்திருப்பது, கடற்கரை ஊரில் ஓடும் வண்டிகளுக்கே உரிய தொல்லை அது. சென்சாரை மாற்றுவதற்கு முன் சாக்கெட்டைச் சுத்தம் செய்து பாருங்கள்.

மூன்றாவது ஆக்சிஜன் சென்சார். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைச் சரியாகப் படித்தால் தேடல் பாதியாகக் குறையும். சைலன்சர் பாதையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று பார்த்து 0.1-லிருந்து 0.9 வோல்ட்வரை மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்க வேண்டிய சென்சார் அது. வோல்ட் அதிகம் என்றால் பெட்ரோல் அதிகம் என்று சொல்கிறது, குறைவு என்றால் காற்று அதிகம் என்று சொல்கிறது. உங்கள் வண்டியில் பெட்ரோல் அதிகம் என்று மிஷினே சொல்லிவிட்டது. சூடான இன்ஜினில் சென்சார் வயரில் மீட்டரை வைத்துப் பார்க்கும்போது 0.1, 0.2 என்று கீழேயே கிடந்தால், சென்சார் பொய் சொல்கிறது, அல்லது அதற்கு முன்னால் எங்கேயோ சைலன்சர் பைப்பில் ஓட்டை விழுந்து வெளிக்காற்று உள்ளே போகிறது. கம்ப்யூட்டர் அதை நம்பி இன்னும் பெட்ரோல் ஊற்றுகிறது. மாறாக 0.8, 0.9 என்று மேலேயே நின்றால் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது, அதை மாற்றாதீர்கள், பெட்ரோல் வேறு வழியாக வந்துகொண்டிருக்கிறது. இன்ஜெக்டர் சொட்டலாம், மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைன் அடைத்திருக்கலாம், பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டரின் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம். ரெகுலேட்டரைப் பார்ப்பது சுலபம்: அதிலிருந்து மேனிஃபோல்டுக்கு (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) போகும் வேக்குவம் ஹோஸைக் கழற்றுங்கள், உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் அதுதான் திருடன். மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பார்க்கும் மேப் சென்சாருக்குப் போகும் ஹோஸ் வெடித்திருந்தாலும் இதே விளைவு வரும். இருபது வருடத்து ரப்பர் என்பதால் எல்லா ஹோஸையும் ஒரு முறை வளைத்துப் பார்ப்பது நல்லது.

ஆன்லைனில் வாங்கும் ப்ளூடூத் ஸ்கேனரை வைத்துப் பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2006 காலத்து மாருதியோடு அது பேசாமல் போக வாய்ப்பு அதிகம், அந்த ஸ்கேனர் பேசும் பொது முறையான ஓபிடி கட்டாயமானது பிஎஸ் 4 வந்த பிறகுதான். மாருதிக்கென்று இருக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறையில் காட்டுங்கள். அதில் கூலன்ட் சூடும் ஆக்சிஜன் சென்சார் வோல்ட்டும் நேரடியாகத் தெரியும்.

சைலன்சர் ஓட்டை என்றேன், அதைச் சாதாரணமாகக் கடந்துவிட வேண்டாம். கடல்காற்றும் உப்பும் இரும்பைத் தின்பதை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கடைசிப் பகுதியில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று கலந்து மிஷின் அளவையே தப்பாகக் குறைத்துக் காட்டும். நல்ல பெட்ரோல் வண்டியில் கார்பன் டை ஆக்சைடு 13 முதல் 15 சதவீதம் வரை காட்டும், அது ரொம்பக் குறைவாக இருந்தால் அந்தச் சோதனையையே நம்ப முடியாது. உங்கள் சீட்டில் அந்த எண்ணும் இருந்தால் பாருங்கள். அதைவிட முக்கியமானது, காரின் அடியில் ஓட்டை இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளேயும் வரலாம். நிறமும் வாசனையும் இல்லாத விஷ வாயு அது. கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டுக்கொண்டு போகும் குடும்பத்துக்கு இது சர்டிபிகேட் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. 2.1 சதவீதம் கக்கும் வண்டியில் சைலன்சரை அடியில் படுத்துப் பார்க்காமல் விடாதீர்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, கெட்டித் துணியால் சைலன்சர் வாலை மூடிப் பிடித்தால் ஓட்டை இருக்கும் இடத்தில் புஸ் என்று சத்தம் வரும்.

இன்னொன்று, 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோதும், அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகி வந்தபோதும் வண்டி தண்ணீரில் நின்றதா? நின்றிருந்தால் தேடும் வரிசையே மாறும். சாக்கெட்டுகள், கம்ப்யூட்டர், சைலன்சருக்குள் தங்கிய தண்ணீர் என்று முதலில் அங்கேதான் பார்ப்பேன்.

சின்ன வேலைகளைத் தனியாக விளக்கத் தேவையில்லை. ஏர் ஃபில்டர், மூன்று பிளக், பிளக் வயர், ஆயில், ஆயில் ஃபில்டர் ஆகியவற்றை மாற்றிவிட்டுத்தான் எந்தச் சோதனையும். ஆயிலை மட்டும் குறிப்பாகச் சொல்கிறேன். மார்க்கெட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடும் வண்டியில் எரியாத பெட்ரோல் ஆயிலில் இறங்கியிருக்கும், சூடானதும் அது ஆவியாகி பிசிவி (ஆயில் பக்கத்து ஆவியை இழுக்கும் வால்வு) வழியாக மறுபடி இன்ஜினுக்குள்ளேயே போகும். ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாசனை வந்தால் ஆயில் மாற்றியதுமே புகை அளவு இறங்குவது கண்கூடாகத் தெரியும்.

கேட்டலிட்டிக் கன்வெர்டரைக் கடைசியில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அது கார்பன் மோனாக்சைடை எரித்து கார்பன் டை ஆக்சைடாக மாற்றுகிறது, எரிக்க ஆக்சிஜன் வேண்டும். பெட்ரோல் அதிகமாக வரும் வண்டியில் போதுமான ஆக்சிஜன் மிச்சம் இருக்காது. ஆகவே புத்தம் புது கன்வெர்டர் மாட்டினாலும் எண் இறங்காது, எரியாத பெட்ரோல் அதன் உள்ளே போய் எரிந்து அதையும் கெடுத்துவிடும். மேலே சொன்னவற்றைச் சரி செய்து, ஆக்சிஜன் சென்சார் ஒழுங்காக ஆடத் தொடங்கிய பிறகும் கார்பன் மோனாக்சைடு 0.8, 1 சதவீதம் என்று நின்றால் அப்போது கன்வெர்டரைச் சந்தேகப்படலாம். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால் பழைய வண்டிகளில் யாராவது அதை எடுத்துவிட்டு வெறும் பைப்பை வைத்திருப்பதும் உண்டு. உங்களுடையது ஒரே கையில் இருந்த வண்டி என்பதால் அந்தச் சந்தேகம் குறைவு, செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் கட்டாயம் பாருங்கள்.

பெட்ரோலில் ஊற்றும் இன்ஜெக்டர் கிளீனர் வேலை செய்யுமா? சந்தேகமான இடம் இதுதான். இன்ஜெக்டரில் படிவு இருந்தால் சில வண்டிகளில் பலன் கிடைக்கிறது, சிலவற்றில் ஒன்றும் ஆவதில்லை, முன்கூட்டிச் சொல்ல எனக்கு வழி தெரியாது. கெட்ட சென்சாரை அது சரி செய்யாது என்பது மட்டும் நிச்சயம். விலை கூடிய ஹை ஆக்டேன் பெட்ரோல் போட்டால் இந்த இன்ஜினில் கார்பன் மோனாக்சைடு இறங்காது, அதுவும் நிச்சயம். பாண்டிச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடையில் பாண்டி பெட்ரோல் போடுவதால் புகை வருகிறது என்று ஒரு பேச்சு உண்டு, அதற்கு நான் ஆதாரம் எதுவும் பார்த்ததில்லை. இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலும் உங்கள் பிரச்சினைக்குக் காரணம் அல்ல, எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அது கார்பன் மோனாக்சைடைக் குறைக்கும் பக்கம்தான் தள்ளும். ஆனால் பழைய ரப்பர் ஹோஸ்களுக்கும் சீல்களுக்கும் அது நல்லதல்ல, ரெகுலேட்டர் டயஃப்ரத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வண்டியை ஓட்டாமல் மாதக்கணக்கில் நிறுத்தினால் டேங்கில் ஈரமும் இழுக்கும்.

சோதனைக்குப் போகும் நாளில் வண்டியைக் குளிராகக் கொண்டுபோகாதீர்கள். ஆல்பேட்டை தாண்டி முள்ளோடை வரை ஒரு முறை நன்றாக ஓட்டிவிட்டு நேராகப் போங்கள். வரிசையில் ரொம்ப நேரம் ஐடிலில் நின்றால் கன்வெர்டரும் ஆக்சிஜன் சென்சாரும் ஆறிவிடும். உங்கள் முறை வருவதற்கு முன்னால் 2500 ஆர்பிஎம்மில் இரண்டு மூன்று நிமிடம் வைத்து, பிறகு ஐடிலுக்கு விட்டு, ஏசி, லைட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். மிஷினின் குழாயைச் சைலன்சருக்குள் 30 சென்டிமீட்டராவது விட வேண்டும், வாயிலில் செருகி எடுத்தால் அளவு சரியாக வராது. இது ஏமாற்று வேலை இல்லை, சூடான இன்ஜினில்தான் சோதனை செய்ய வேண்டும். ஆனால் ஒன்று, இதனால் கார்பன் மோனாக்சைடு 0.7 இருந்தது 0.4 ஆகலாம், 2.1 இருந்தது 0.5 ஆகாது. முதல் சோதனைக்கு வண்டியைக் குளிராகக் கொண்டுபோயிருந்தீர்கள் என்றால் மட்டும், வேறு எதையும் தொடும் முன் இப்படி ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

வண்டி இல்லாமல் சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன் என்றவரை விட்டு விலகுங்கள். சர்டிபிகேட் இப்போது நம்பர் பிளேட் படத்தோடு அரசின் வாஹன் தளத்தில் ஏறுகிறது, பொய்யாக ஏற்றியது தெரிந்தால் வண்டி உங்கள் பேரில்தான் இருக்கிறது. புகை விதியை மீறி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அந்தப் பேப்பர் கையில் இருந்தால் நீங்கள் சைலன்சர் ஓட்டையைத் தேடவே மாட்டீர்கள் என்பது. மற்றபடி பாண்டிச்சேரியில் முறையாக எடுத்த சர்டிபிகேட் டிஎன் 31 (கடலூர்) வண்டிக்குச் செல்லும், இந்தியா முழுக்க எங்கே எடுத்தாலும் செல்லும்.

இதே கேள்வியோடு வேறு வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக. கார்புரேட்டர் பைக்கில் ஸ்க்ரூவைத் திருப்பும் முன் அது ஏர் ஸ்க்ரூவா பெட்ரோல் ஸ்க்ரூவா என்று பாருங்கள். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் பெரும்பாலும் ஏர் ஸ்க்ரூ, வெளியே திருப்பினால் பெட்ரோல் குறையும். இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோல் ஸ்க்ரூ, வெளியே திருப்பினால் கூடும். டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஹைட்ரோகார்பன் இயல்பிலேயே அதிகம், 2000 மார்ச்சுக்குப் பிந்தையவற்றுக்கு 6000 பிபிஎம்வரை விதியே அனுமதிக்கிறது. சைலன்சர் கரியை எடுத்து, ஆயில் கலவையைச் சரியாக வைத்தால் பெரும்பாலும் தேறிவிடும். பழைய டீசல் சுமோ மாதிரி வண்டிகளுக்கு ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துச் சோதிப்பார்கள் என்பதால், டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினாக இருந்தால் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாமல் அந்தச் சோதனைக்குப் போக வேண்டாம்.

வண்டியை வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா? 15 வருடம் ஆன பெட்ரோல் வண்டி ஓடக்கூடாது என்று உங்களிடம் சொன்னவர் டெல்லி சுற்றுவட்டாரத்து விதியைச் சொல்லியிருக்கிறார். இங்கே தனியார் காருக்கு எஃப்சி (வண்டித் தகுதிச் சோதனை) பார்த்து ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். 2021-ல் புதுப்பித்தது 2026-ல் முடியும், அப்போது கட்டணமும் பசுமை வரியும் வரும், அதற்கான தொகையை ஆர்டிஓ ஆபீஸில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 800 உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டாலும் இன்ஜின் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. நான் பார்ப்பது அடிச்சட்டத்தைத்தான். கதவுக்கு அடியிலும் சஸ்பென்ஷன் மாட்டும் இடங்களிலும் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே இறங்கும் அளவுக்குத் துரு இருந்தால், புகை எண் எவ்வளவு நன்றாக வந்தாலும் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகும் வண்டி இல்லை அது. இரும்பு உறுதியாக இருந்து, கம்ப்ரஷனும் சரியாக இருந்தால் தாராளமாகச் செலவு செய்யுங்கள். முதலில் ரேடியேட்டர் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள், அப்புறம் ஆக்சிஜன் சென்சார் வோல்ட் எவ்வளவு என்று எழுதுங்கள், அதைப் பார்த்து அடுத்தது சொல்கிறேன்.